ஜப்பான் சாமான்

சொற்களுக்கும் ஏற்றமும் தாழ்வும் உண்டு. ‘நாற்றம்’ என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது. இன்று அதனைச் சொல்லும்போதே மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அதற்கு நேர் எதிரான வழியில் நடந்தது ‘ஜப்பான் சாமான்’ என்ற தொடர். என் பாட்டியார் காலத்தில் அது மலிவுக்கும் உறுதியின்மைக்கும் மறுபெயர். காலையில் வாங்கிய பொம்மை மாலையில் உடைந்தால், “ஜப்பான் சாமான்தானே, வேறு எப்படி இருக்கும்?” என்பார். என் பிள்ளைகள் வளர்ந்த காலத்திலோ அதே தொடர் கைக்கடிகாரத்துக்கும் வானொலிப் பெட்டிக்கும் நம்பிக்கை முத்திரையாயிற்று. ஒரு நாட்டின் கைத்திறனைப் பற்றிய உலகத்தின் எண்ணம் இரண்டு தலைமுறைக்குள் தலைகீழாயிற்று. இந்த மாற்றத்தைப் பற்றி நூல்களில் படித்ததைக் காட்டிலும், ஒரு பழைய மின்கிதாரைப் பழுது பார்த்தபோது நான் அறிந்துகொண்டது அதிகம்.

வீணையும் நாகசுரமும் இருக்க, தமிழ்ச் சங்க மலரில் மின்கிதாருக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வியக்கக்கூடும். ஆயினும் பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களின் பரண்களில் எத்தனையோ விந்தைப் பொருள்கள் உறங்குகின்றன. எங்கள் வீட்டுப் பரணில் உறங்கியது இது.

என் தந்தையார் தஞ்சை மாவட்டத்திலிருந்து வேலையின் பொருட்டுக் கல்கத்தா வந்தவர். லேக் மார்க்கெட்டுக்கு அருகில் வளர்ந்தோம். அம்மா வீணை வாசிப்பார். என்னிலும் ஏழு வயது மூத்தவர் என் தமையனார். பார்க் தெரு உணவகங்களில் மேலைநாட்டு இசைக் குழுக்கள் இரவுதோறும் வாசித்த காலம் அது. 1967இல், சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு அண்ணா கிதிர்ப்பூர்த் துறைமுகத்துக்குப் போனார். ஒரு கப்பல் மாலுமியிடமிருந்து மின்கிதார் ஒன்றை வாங்கி வந்தார். விளிம்பில் கருமையும் நடுவில் செம்மஞ்சளுமாக அந்திவானம் போன்ற பூச்சு. தலைப்பகுதியில் ஒரு பக்கம் நான்கு பிரடைகள், மறுபக்கம் இரண்டு. ‘டீஸ்கோ’ என்ற சிறிய பெயர்ப் பட்டயம். அன்று எங்களுக்கு அது அழகிய பெயராகத் தோன்றியதேயன்றி, அதன் பின்னால் ஒரு வரலாறு இருப்பது தெரியாது.

போர்க்காலத்தில், 1943இல், பகைநாட்டு இசை என்று அமெரிக்க, ஆங்கிலேய இசையை ஜப்பானிய அரசு விலக்கியிருந்தது. போர் முடிந்த மறு ஆண்டே, குண்டுவீச்சில் எரிந்த டோக்கியோ நகரில், அட்சுவோ கானெகோ என்ற கிதார்க் கலைஞரும் டோரியு மட்சுதா என்ற மின் பொறியாளரும் கூடித் தொடங்கிய தொழிலே பின்னர் டீஸ்கோ எனப் பெயர் பெற்றது. நேற்று வரை விலக்கப்பட்டிருந்த இசைக்கு, உண்ண உணவே அரிதாயிருந்த நகரில், கருவி செய்யப் புகுந்த அவர்களுடைய துணிவை என்னென்பது!

அவர்கள் முதலில் செய்தது மடியில் கிடத்தி, எஃகுத் துண்டால் நரம்பின்மீது வழுக்கி வாசிக்கும் ஹவாய்க் கிதார். வங்காளத்தில் வாழ்வோர்க்கு அது புதிதன்று. சுனில் கங்குலியும், கவி நஸ்ருலின் மைந்தர் காஜி அனிருத்தாவும் அக்கருவியில் வாசித்த பாடல்கள் வங்காளி வீடுகளில் ஒலித்ததை நாம் கேட்டிருக்கிறோம். பிரிஜ்பூஷண் காப்ரா அதில் இராகங்களையே வாசித்தார். அமெரிக்காவில் 1932இல் ரிக்கன்பாக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் மின்கிதாரும் மடிக்கருவியே. ஆகவே தோளில் மாட்டிக்கொண்டு ஆடும் இன்றைய மின்கிதாருக்கு, மடியில் அமைதியாகக் கிடந்த அந்தக் கருவியே மூத்தாள் எனலாம்.

1965இல் ‘வென்ச்சர்ஸ்’ என்ற அமெரிக்கக் குழுவினர் ஜப்பானில் சுற்றுப்பயணம் செய்து வாசித்தபின், அந்நாட்டு இளைஞர் கூட்டம் பித்துக்கொண்டது. ‘எலெகி’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட மின்கிதார் ஊர்தோறும் பரவிற்று. பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று சில ஊர்களில் கல்வி அதிகாரிகள் அதற்குத் தடையும் விதித்தனர். தொழிற்சாலைகள் உள்நாட்டுக்கும் அமெரிக்காவுக்குமாகக் கருவிகளைச் செய்து குவித்தன. ஆனால் அந்த வெள்ளம் விரைவில் வடிந்தது. டீஸ்கோ 1967இலேயே பியானோ செய்யும் கவாய் நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. அண்ணா வாங்கிய கருவி அந்த வெள்ளத்தில் மிதந்து வந்து கிதிர்ப்பூரில் ஒதுங்கிய ஒன்று.

டோக்கியோவின் பெற்றோர்க்கு இருந்த அச்சம் எங்கள் தந்தையாருக்கும் இருந்தது. கிதாரை வாங்க முடிந்ததே தவிர, ஒலிபெருக்கி வாங்க அண்ணாவிடம் பணமில்லை. எங்கள் வீட்டு வால்வு ரேடியோவின் பின்புறத்தில் கிராமபோனுக்கென்று இருந்த துளைகளில் கிதாரின் கம்பியைச் செருகினார். ஒலி அறையை நிறைத்தது. அந்த ரேடியோவோ அப்பாவின் உயிர். தில்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தியும், சனிக்கிழமை இரவு வரும் தேசிய இசை நிகழ்ச்சியும் அவருக்கு ஊரோடு இருந்த உறவு. அலுவலகத்திலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்றார்.

“நரம்பு பேசணும்டா. கரண்ட் பேசக் கூடாது” என்றார்.

அடுக்களையிலிருந்து வந்த அம்மா, அண்ணாவின் இடக்கையையே சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “தந்தியைப் பக்கவாட்டிலே இழுக்கறான் பாருங்கோ, வீணையிலே இழுக்கற மாதிரியே” என்றார். அப்பா மறுமொழி கூறவில்லை. 1972இல் அண்ணாவுக்கு ஜாம்ஷெட்பூரில் வேலை கிடைத்தது. கிதார் பரணேறியது. அதன்பின் அவ்விருவரும் இசையைப் பற்றி ஒரு சொல்லும் பேசிக்கொண்டதாக நான் அறியேன். 1989இல் அப்பா மறைந்தார். 2016இல் அண்ணாவும் மறைந்தார். பழைய வீட்டைக் காலி செய்தபோது அண்ணி அந்தக் கருவியை என்னிடம் தந்தார். “அவர் கைபட்டது தம்பி. சும்மாக் கிடந்து மக்கறதுக்கு, பேசினாத் தேவலை” என்றார்.

நான் மின் பொறியியல் படித்தவன். பற்றுக்கோல் பிடிக்கத் தெரிந்தவன். ஆயினும் முதலில் ஃப்ரீ ஸ்கூல் தெருவில் பழைய கருவிகள் விற்கும் ஒரு கடைக்கு எடுத்துச் சென்றேன். வணிகர் புரட்டிப் பார்த்தார். கருவியை விட்டுவிட்டு, நரம்புகளுக்கு அடியிலிருந்த பொன்னிறத் தாள் வேய்ந்த இரண்டு பிக்-அப்புகளுக்கு மட்டும் விலை பேசினார். காரணம் பின்னர் விளங்கிற்று. 1993இல் நம் விசுவமோகன் பட்டுடன் சேர்ந்து இசைத்தட்டு வெளியிட்டாரே, அந்த ரை கூடர் என்னும் அமெரிக்கக் கலைஞர், டீஸ்கோவின் இத்தகைய பிக்-அப் ஒன்றைத் தம் கிதாரில் பொருத்தி வாசித்தார். அதன் இனிமை பரவியதும், மலிவென்று ஒதுக்கப்பட்டிருந்த பொருளுக்கு மதிப்பு வந்தது. மதிப்பு வந்ததால் அழிவும் வந்தது: இந்த உறுப்புக்காகவே பழைய டீஸ்கோக்கள் பலவற்றைப் பிரித்து, உடலை எறிந்துவிடுகிறார்கள். தந்தத்துக்காக யானையைக் கொல்வது போன்றதே இது. நான் கருவியோடு வீடு திரும்பினேன்.

பழுது பார்த்தலில் முதற்பாடம் திருகாணியிலேயே தொடங்கிற்று. ஜப்பானியத் திருகாணியின் சிலுவைத் தலை, நம் கடைகளில் கிடைக்கும் திருப்புளிக்கு ஏற்றாற்போல் தோன்றும்; ஆனால் அதன் வெட்டு வேறு. தவறான முனையால் அழுத்தித் திருகினால் வழுக்கித் தலை சிதையும். ஜப்பானிய அளவுக்குரிய திருப்புளியைத் தேடிப் பெற்றபின் ஐம்பது ஆண்டுத் துருவையும் மீறி ஒவ்வொன்றாகக் கழன்றன. கழற்றிய ஒவ்வொன்றையும் அதனதன் இடம் எழுதிய தாளில் குத்தி வைத்தேன்.

உள்ளே பார்த்ததும் அப்பாவின் சொல் நினைவுக்கு வந்தது. மின்கிதாருக்குள் மின்கலம் இல்லை. மின்சாரமும் அதற்குள் புகுவதில்லை. ஒரு காந்தம், அதனைச் சுற்றி, தலைமயிரினும் மெல்லிய செப்புக்கம்பி பல ஆயிரம் சுற்று. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. செப்புச் சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த விதி இது. பேசுவது நரம்பேதான், அந்தப் பேச்சை ஒலிபெருக்கிக்கு எடுத்துச் செல்வதே சுருளின் தொழில். அப்பா உயிரோடிருந்தால் இதனை அவருக்கு எடுத்துச் சொல்லியிருப்பேன். அவர் ஒப்பியிருப்பார் என்று உறுதியாகக் கூற இயலாது.

இரு சுருள்களையும் மீட்டரால் அளந்தேன். ஒன்றில் ஏறத்தாழ ஐந்தாயிரம் ஓம் காட்டியது. மற்றதில் முள் அசையவில்லை. எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. உட்புறத்தில் அறுந்திருந்தால் அத்தனை சுற்றையும் அவிழ்த்துப் புதிதாகச் சுற்றுவதன்றி வேறு வழியில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபோது, வெளிக்கம்பியோடு இணையும் முனையிலேயே பச்சைக் களிம்பேறி அறுந்திருப்பது புலனாயிற்று. கல்கத்தாவின் ஈரக்காற்றின் வேலை அது. அந்த முனையை ஊசியால் நிமிர்த்தி ஒரு துளி ஈயத்தால் பற்றவைக்க ஒரு முழு மாலைப்பொழுது ஆயிற்று. மீட்டரின் முள் அசைந்தபோது, வீட்டில் யாருமில்லாதிருந்தும் நான் வாய்விட்டுக் கூவினேன்.

ஏனைய வேலைகளைச் சுருக்கமாகக் கூறலாம். கரகரத்த ஒலிக்குமிழ்களும் உறைந்து நின்ற சுவிட்சுகளும், மின்தொடுப்புகளைத் துப்புரவாக்கும் திரவத்தை விட்டுப் பலமுறை திருப்பியதும் சீராயின. குதிரைக்குச் செல்லும் நிலக்கம்பி அறுந்திருந்தது. அதனை இணைத்ததும் இரைச்சல் அடங்கிற்று. தண்டி சற்று வளைந்திருந்தது. அந்தக் காலத்து மலிவான தண்டிகள் பலவற்றில் எஃகுப் பட்டை உண்டு. திருகி நிமிர்த்தும் வசதி கிடையாது. ஆகவே தண்டி உடலில் பொருந்தும் குழியில் மெல்லிய மரச்சீவல் ஒன்றை வைத்துச் சாய்வை மாற்றினேன். தடித்த தந்திகளுக்கு மாறாக மெல்லிய தந்திகளைக் கட்டினேன். மெல்லிய தந்திகளே ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ விசையுடன் தண்டியை இழுக்கும். முதியவர் தோளில் சுமையைக் குறைப்பது அறமன்றோ? வெளிப்பூச்சை நான் தொடவில்லை. ஈரத்துணியால் துடைத்ததோடு சரி.

எனக்கு உறக்கம் கெடச் செய்தது வேறொன்று. வீணையில் மெட்டு என்போமே, அதுவே கிதாரிலும் உண்டு; வீணையில் மெழுகில் நிற்பது, இங்கே மரத்தில் அறையப்பட்டிருக்கும். பல்லாண்டு வாசித்தால் தந்தி அந்த உலோகத்தில் தடம் பதிக்கும். அண்ணாவின் கிதாரில் முதல் மூன்று மெட்டுகளில் ஆழ்ந்த பள்ளங்கள் இருந்தன. அவர் பிடித்த சுரக்கூட்டுகளின் இடங்கள் அவை. ஏழாவது மெட்டிலும் ஒன்பதாவதிலும் இருந்தவை பள்ளங்கள் அல்ல. அகன்று, பக்கவாட்டில் வழவழப்பாகத் தேய்ந்திருந்தன. தந்தியைக் குறுக்கே இழுத்து இழுத்து வாசித்தால் மட்டுமே அப்படித் தேயும். அன்று அம்மா கண்டு சொன்னதற்கு உலோகத்திலேயே சான்று இருந்தது.

பள்ளம் விழுந்த மெட்டில் சுரம் தெளிவாக எழாது, தந்தி இரையும். கருவி பேச வேண்டுமானால் எல்லா மெட்டுகளையும் பள்ளத்தின் அடிமட்டம் வரை அரத்தால் தேய்த்துச் சமன்செய்ய வேண்டும். அவ்வாறு செய்தால் அண்ணாவின் விரல் எழுதிய எழுத்தெல்லாம் அழிந்துபோகும். செய்யாவிட்டால் கிதார் சுவரில் தொங்கும் படம் போல் ஊமையாக இருக்கும். ஒரு திங்கள் அரத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஜாம்ஷெட்பூருக்குத் தொலைபேசியில் அழைத்து அண்ணியைக் கேட்டேன். “தேயறதுக்குத்தானே தம்பி மெட்டு இருக்கு? அவர் தேச்சதும் வாசிச்சுத்தானே?” என்றார்.

கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பது போல, மெல்லிய தாளை மெட்டுகளின்மீது விரித்துப் பென்சிலால் தேய்த்து அந்தத் தடங்களைப் படியெடுத்துக்கொண்டேன். பிறகு மெட்டுகளின் தலையில் மையைப் பூசி, நேரான கட்டையில் ஒட்டிய உப்புத்தாளால் தேய்த்தேன். மை அழியும் இடம் மேடு, நிற்கும் இடம் பள்ளம். எங்கும் மை அழிந்ததும் நிறுத்தி, ஒவ்வொன்றின் தலையையும் மீண்டும் வளைவாக்கினேன். ஒன்பதாவது மெட்டில் மட்டும் அந்த வழவழப்பு இலேசாக எஞ்சியது. அது ஒலியைக் கெடுக்கவில்லை. விட்டுவிட்டேன்.

இன்று நான் நாள்தோறும் அதனை வாசிக்கிறேன். தேர்ந்த கலைஞன் அல்லேன். பதின்வயதில் அண்ணா கற்பித்த சில மெட்டிசைகளும், அம்மாவிடம் கேட்ட சரளி வரிசைகளுமே என் சொத்து. இக்கருவியின் நாதம் தெளிந்தது; ஆனால் நெடிது நில்லாது. ஒலி ஓய்வதற்குள் தந்தியை இழுத்துச் சுரத்தை வளைத்துவிட வேண்டும். ஓய்வில்லாமல் ஒலிக்கும் புதிய கருவிகளில் இல்லாத ஓர் ஒழுக்கத்தை இது கற்பிக்கிறது. விடுமுறைக்கு வரும் அண்ணாவின் பேத்தி என்னிலும் நன்றாக வாசிக்கிறாள். அவளுடைய தடங்கள் இப்போது புதிதாக விழத் தொடங்கியுள்ளன.

இதன்பின் நண்பர்கள் வாயிலாக வேறு சில ஜப்பானியக் கிதார்களும் என் மேசைக்கு வந்தன. 1970களில் செய்யப்பட்டவற்றைத் திறந்தபோது வியப்படைந்தேன். பத்தே ஆண்டுகளில் மரவேலையின் செப்பம் வேறாகிவிட்டிருந்தது. அவற்றுள் பல, மலைகள் சூழ்ந்த நாகானோ மாநிலத்து மட்சுமோட்டோ நகரில் பிறந்தவை. அங்கிருந்த மட்சுமோகு நிறுவனம் முன்பு தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்தது; ஃபுஜிகென் என்ற மற்றொன்று 1960இல் தொடங்கப்பட்டது. அவர்கள் அமெரிக்கக் கிதார்களைப் பார்த்து அச்சாக அப்படியே செய்தார்கள். உலகம் நகைத்தது, பிறகு அஞ்சியது. 1977இல் கிப்சன் கிதார்களின் உரிமை நிறுவனமான நார்லின், ஐபனெஸ் கிதார்களை விற்ற ஹோஷினோவின் அமெரிக்கக் கிளைமீது, கிதாரின் தலை வடிவைப் பின்பற்றியதற்காக வழக்குத் தொடுத்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதற்குள் ஜப்பானியர் தமக்கென வடிவங்களைப் படைக்கத் தொடங்கிவிட்டனர். யமஹா 1976இல் வெளியிட்ட எஸ்.ஜி.2000 அத்தகையது, கார்லோஸ் சந்தானா போன்ற பெருங்கலைஞர் அதனை விரும்பி வாசித்தார். 1982இலோ, நெடுங்காலம் நகலெடுக்கப்பட்ட ஃபெண்டர் நிறுவனமே ஜப்பானில் கிளை நிறுவி, தன் பெயரில் கிதார் செய்யும் பணியை ஃபுஜிகென்னிடம் ஒப்படைத்தது. நகல் செய்தவன் கையில் மூலத்தின் பெயரையே கொடுத்தார்கள்!

பார்த்துச் செய்தலை இழிவென்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். குருவின் குரலைப் போலச் செய்யாமல் எவர் பாடக் கற்றார்? வேற்று மண்ணில் பிறந்த நம் பிள்ளைகள் வீட்டில் கேட்டதைப் பார்த்துப் பார்த்தே தமிழ் பேசுகின்றனர். உச்சரிப்பில் வங்காளமும் இந்தியும் கலக்கின்றன. ஊரிலிருந்து வரும் உறவினர் சிரிக்கின்றனர். சிரிப்பைக் கேட்ட குழந்தை மறுநாள் முதல் வாய் திறப்பதில்லை. என் தமையனார் தம் கிதாரை மூடி வைத்ததும் ஏறக்குறைய இவ்வாறே. தட்டுத் தடுமாறி எழும் ஒலியை நகைக்காமல் பொறுத்துக் கேட்டவர் எங்கள் வீட்டில் அம்மா ஒருவரே.

அன்பர்கள் வீட்டுப் பரணிலும் ஒரு வீணையோ, ஆர்மோனியமோ, பழைய வானொலியோ இருக்கலாம். பழம்பொருள் வாங்குவோரிடம் கொடுக்குமுன் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். தந்திகளை ஒரேயடியாக வெட்டாமல் மெல்லத் தளர்த்துங்கள். மின்பொருளாயின் உடனே செருகிவிடாதீர்கள். ஜப்பானிய ஒலிபெருக்கிகள் பல நூறு வோல்ட்டுக்கு அமைந்தவை, நம் 230 வோல்ட்டில் நொடியில் எரிந்துபோகும். பழைய வால்வு ரேடியோவின் உட்சட்டத்தில் மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கக்கூடும். அறிந்தவர் துணையின்றி அதனைத் திறவாதீர்கள். புதுமெருகு பூச அவசரப்பட வேண்டா. முதலில் அது யாருடையது, யார் கைபட்டது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதிக் கருவியின் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பழுது பார்ப்பதை அதன்பின் தொடங்கலாம்.